புன்ரே செத்திருந்த ஐந்து மணி நேரம்

நோருமோக் ஊரில் விடுதி நடத்தும் புன்ரே, அக்டோபர் கடைசி வியாழக்கிழமை பகல் பதினொன்று இருபதுக்குச் செத்துப்போனாள். நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம், பக்கத்தில் நின்ற மேஜர் யோம் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டதுதான். எழுதி முடித்ததும் ஒரு மஞ்சள் அட்டையை எடுத்து அவள் கழுத்தில் மாட்டினார். அட்டையில் 'இறந்தவர்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது.

"வருத்தமாத்தான் இருக்கு, முதலாளியம்மா. உக்காந்துக்கறீங்களா, படுத்துக்கறீங்களா?"

"அடுப்புல சூப்பு கொதிக்குதே!"

"செத்தவங்க பேசக்கூடாதும்மா," என்று சொல்லிவிட்டு மேஜரே உள்ளே போய் அடுப்பை அணைத்தார். புன்ரே வரவேற்பு மேசைக்குக் கீழே, சுவரில் சாய்ந்து, கால் நீட்டி உட்கார்ந்தாள். அவளைக் கொன்றது எதிரியின் குண்டு அல்ல. நம் பக்கத்துப் பீரங்கிதான்.

நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் சரியாக இருக்கும்.

மலைமேல் முகாம் போட்டிருந்த படைப்பிரிவை இந்த வருஷக் கடைசியில் கலைத்துவிடப் போகிறார்கள். நாட்டில் பையன்கள் பிறப்பது குறைந்துபோனதால் படைக்கு ஆள் இல்லை என்று தலைநகரில் முடிவு கட்டிவிட்டார்கள். ஆனால் படை போனால் நோருமோக்கில் மிச்சம் என்ன? புன்ரேயின் விடுதிக்கு வருகிறவர்கள் மகனைப் பார்க்க வரும் அப்பா அம்மாக்கள். ஊர்த் தலைவர் பியோங்தேயின் கடையில் தைப்பது சிப்பாய்களின் பெயர்ப் பட்டையும் பதவிச் சின்னமும். மன்ஹோவின் நூடுல்ஸ் கடைக்கும் பொதுக் குளியல் கூடத்துக்கும் லீவில் இறங்கி வரும் பையன்கள்தான் வாடிக்கை. ஊர்ப் பன்றிகள்கூட முகாமின் எச்சில் சோற்றில் கொழுத்தவை. விடுதிக்கு 'இரட்டை நட்சத்திரம்' என்று பெயர். அது ஓட்டல்களுக்குக் கொடுக்கிற நட்சத்திரம் அல்ல. படைத்தலைவரின் தோளில் இருக்கிற நட்சத்திரம்.

ஊர் பட்டினி கிடக்கக் கூடாது என்று மாவட்ட அலுவலகத்தில் 'படையை நம்பாப் பொருளாதாரப் பிரிவு' ஒன்றைத் திறந்தார்கள். இரண்டு பேர், ஒரு பிரிண்டர். அவர்கள் மலையில் சிப்பாய்கள் ரோந்து போன பழைய பாதையைச் சுத்தம் செய்து, மரத்துக்கு மரம் ரிப்பன் கட்டி, நடைப் பயணம் வருகிறவர்களுக்கு என்று திறந்துவிட்டார்கள். வசந்த காலத்தில் ஏழு பேர் வந்தார்கள். ஏழு பேரையும் ஊர்க்காரர்கள் போலீசில் பிடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

ஊரைக் குறை சொல்ல முடியாது. எல்லைப்புறத்து ஊரில் ஒற்றனைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஒன்றாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்விப்பார்கள். விடியற்காலையில் மலையிலிருந்து இறங்குகிறவன், சப்பாத்தில் சேறு உள்ளவன், பஸ் கட்டணம் தெரியாதவன், அங்கங்கே நின்று படம் எடுக்கிறவன். நடைப் பயணி என்பவன் இந்த நாலும் சேர்ந்த ஆசாமி. கடைசியில் அந்தப் பொருளாதாரப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்து, வீட்டுக்கு ஒரு சோப்புக் கட்டி கொடுத்து, "தயவுசெஞ்சு இனிமே யாரையும் பிடிச்சுக் குடுக்காதீங்க, அவங்க சுற்றுலாக்காரங்க," என்று கெஞ்சிவிட்டுப் போனாள்.

போகும்போது இன்னொன்றும் சொன்னாள். பாதை ஓரத்து ஊர் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு விடுதிக்கு அரசுப் பலகை கிடைக்கும். பலகை கிடைத்த விடுதி வரைபடத்தில் வரும், பஸ் அதன் வாசலில் நிற்கும். தேர்ந்தெடுக்க ஒரு மதிப்பீட்டாளர் அக்டோபர் கடைசியிலிருந்து இரண்டு வாரத்துக்குள், யாரென்று சொல்லாமல், சாதாரணப் பயணிபோல வந்து தங்கிப் பார்ப்பார்.

புன்ரேக்கு வயது ஐம்பத்தேழு. கணவர் போய் ஆறு வருஷம். பலகை கிடைக்காவிட்டால் விடுதியை மூடிவிட்டு, நகரத்தில் சலவைக் கடை வைத்திருக்கும் தங்கை வீட்டுப் பின்னறையில் போய் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான். தங்கையின் புருஷனுக்கு அவளைக் கண்டால் ஆகாது. அதனால் அவள் பதினான்கு அறைகளுக்கும் புதுப் படுக்கை உறை வாங்கினாள். எவன் வந்தாலும், அவன் மூக்கில் ஒற்றன் என்று எழுதி ஒட்டியிருந்தாலும் சந்தேகப்படுவதில்லை என்று சபதமும் எடுத்துக்கொண்டாள்.

அந்தச் சபதம்தான் அவளைக் கொன்றது.

புதன்கிழமை இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். புத்தம் புதுச் சப்பாத்து, அதில் சேறு, முதுகில் பை. பஸ் கட்டணம் எவ்வளவு என்று அவளிடமே கேட்டார்கள். இவர்கள்தான் என்று புன்ரே முடிவு கட்டினாள். மதிப்பீட்டாளர் ஒருவர் என்றார்களே, இரண்டு பேரையா அனுப்பிவிட்டார்கள்! நல்ல அறையைக் கொடுத்தாள். பன்றி இறைச்சி வாட்டிப் போட்டாள். ஆளுக்கு நாலு கிண்ணம் சோறு போயிற்று. காலையில் அறையை எட்டிப் பார்த்தால் போர்வைகள் செங்கல் அறுத்தாற்போல மூலைக்கு மூலை சதுரமாக மடித்து வைக்கப்பட்டிருந்தன. வேறு ஊர் விடுதிக்காரியாக இருந்தால் அந்தப் போர்வையைப் பார்த்ததுமே விழித்துக்கொண்டிருப்பாள். புன்ரேக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவள் வாழ்நாளில் பார்த்த ஆண்கள் எல்லாரும் போர்வையை அப்படித்தான் மடித்தார்கள். 'நல்ல வளர்ப்பு' என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

பதினொரு மணிக்கு இருவரும் கையில் சிவப்புப் பட்டை கட்டிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினார்கள்.

"அத்தை, மன்னிச்சுக்கோங்க," என்றான் ஒருவன். "இந்த விடுதிய எதிரிப்படை பிடிச்சிருச்சு. நாங்கதான் எதிரிப்படை. சாப்பாடு ரொம்ப நல்லா இருந்துச்சு."

கலையப்போகும் படைப்பிரிவின் கடைசிப் போர்ப் பயிற்சி அது. புதன் முதல் வெள்ளி வரை. சிப்பாய்களில் சிலர் மாறுவேடத்தில் எதிரியாக ஊருக்குள் நுழைவார்கள், ஊர் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். மாவட்ட அலுவலகமும் முகாமும் ஒன்றையொன்று கேட்காமல் ஒரே வாரத்தைப் பிடித்துக்கொண்டன. எதிரி பிடித்த இடம் என்று தெரிந்ததும் மலைமேலிருந்த நம் பீரங்கிகள் 'இரட்டை நட்சத்திர'த்தை மூன்று முறை சுட்டுத் தள்ளியதாகக் கம்பியில்லாத் தந்தியில் செய்தி வந்தது. வெடி கிடி ஒன்றும் இல்லை, செய்திதான். வெள்ளைக் கைப்பட்டை கட்டிய நடுவரான மேஜர் யோம், உள்ளே இருந்த மூன்று பேரும் இறந்தார்கள் என்று தீர்ப்புச் சொன்னார். எதிரிகள் இருவரும் தீர்ப்பைக் கேட்டதும், அடியில் குழாய் வைத்துச் சூடாக்கிய தரையில் விழுந்து நிம்மதியாகத் தூங்கிப்போனார்கள். முகாமில் அவர்களுக்கு அப்படி ஒரு தூக்கம் கிடைத்திருக்காது.

பயிற்சியில் செத்தவர்களுக்குச் சட்டம் உண்டு. பேசக்கூடாது, வேலை செய்யக்கூடாது, விழுந்த இடத்தைவிட்டு நகரக்கூடாது. கழிப்பறைக்குப் போகலாம், போகும்போது அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். வெள்ளி மாலை ஆறு மணிக்கு எல்லாருக்கும் உயிர் வரும். நோருமோக் இந்தச் சட்டத்தை மீறியதே இல்லை. சிறந்த ஒத்துழைப்புக்கான கேடயம் பத்தொன்பது வருஷமாகத் தொடர்ந்து இந்த ஊருக்குத்தான்.

ஒரு மணிக்குத் தலைவர் பியோங்தே மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். உயிரோடிருப்பவர்கள் செத்தவர்களோடு பேசக்கூடாது என்பதால் அவர் புன்ரேயைப் பார்க்காமல் கதவைப் பார்த்துப் பேசினார்.

"ஏ கதவே, நல்லா கேட்டுக்கோ. எதிரிக்குப் பன்னிக்கறி ஆக்கிப் போட்டிருக்கா இவ. அதுக்கே முப்பது மார்க் போச்சு. போனது போகட்டும். இனிமேலாச்சும் ஒழுங்கா செத்துக் கெடக்கணும். ஊர்ல இதுவரைக்கும் இருபத்து நாலு சாவு. ஒருத்தன் இருமலியே! மன்ஹோ காலையிலேர்ந்து சமையக்கட்டுத் தரையில மல்லாந்து கெடக்கான், மூக்குல ஈ உக்காந்தும் வெரட்டல."

புன்ரே கண்ணை உருட்டினாள்.

"சும்மா மொறைக்காத, கதவே. போன வாரம் கர்னலோட டிரைவர் எங்கிட்ட பட்டை தைக்க வந்தான். இந்த வருஷம் யாரு நல்ல மார்க் வாங்கறாங்களோ அந்த ஊர்ல ஒரு பட்டாலியனை விட்டு வைப்பாங்களாம். நானூறு பையனுங்க! நானூறு பெயர்ப் பட்டை! உனக்கும் சனிக்கிழம சனிக்கிழம ரூம் நெறையும்." அவர் கதவை விரலால் தட்டினார். "முப்பத்தோரு வருஷமா அந்த மெஷின மிதிக்கறேன். எனக்கு வேற என்ன தைக்கத் தெரியும், சொல்லு?"

பியோங்தே மூக்கைச் சிந்திக்கொண்டு ஓரமாக ஒரு முக்காலியில் காவலுக்கு உட்கார்ந்துவிட்டார்.

மூன்றரை மணிக்கு மழை பிடித்தது. நாலுக்குச் சற்று முன்னால் ஒரு பெண்மணி நொண்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். ஐம்பது வயது இருக்கும். சிவப்புப் பை, சொட்டச் சொட்ட நனைந்த மேல்கோட்டு.

"யாராவது இருக்கீங்களா?" என்று எட்டிப் பார்த்தவள், மேசைக்குக் கீழே அட்டை மாட்டி உட்கார்ந்திருந்த புன்ரேயையும், தரையில் கிடந்த இரண்டு பையன்களையும் கண்டு ஓரடி பின்வாங்கினாள். "ஐயோ, இவங்களுக்கு என்ன ஆச்சு?"

"இறந்துட்டாங்க," என்றார் மேஜர் யோம்.

"எப்போ?"

"பதினொன்னு இருபதுக்கு."

அந்தப் பெண்மணி புன்ரேயைக் கூர்ந்து பார்த்தாள். புன்ரே இமைத்தாள். "கண்ணு அசையுதே?"

"அதுக்கு அனுமதி இருக்குங்க."

மேஜர் பொறுமையாகப் பயிற்சியை விளக்கினார். கேட்டு முடித்த பெண்மணி, "சரி, எனக்கு ரூம் வேணும், அதை யாரு குடுப்பாங்க?" என்றாள்.

"நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அவங்களே குடுப்பாங்க."

"ஊர்ல வேற விடுதி இல்லையா?"

"ஒன்னு இருக்கு. அது எதிரியோட தலைமையகம். அங்க போனா உங்களைச் சிறை பிடிச்சிருவாங்க."

"பஸ்?"

"பாலத்தைத் தகர்த்தாச்சு. அதாவது, பாலம் நல்லாத்தான் இருக்கு. காகிதத்துல தகர்த்தாச்சு. டிரைவர் அந்தப் பக்கமே நிறுத்திட்டாரு."

பெண்மணி வாசற்படியில் பொத்தென்று உட்கார்ந்தாள். சப்பாத்தைக் கழற்றினாள். காலுறையின் குதிகாலில் ரத்தம் ஊறியிருந்தது. பிறகு கோட்டுப் பையிலிருந்து ஒரு சிறிய நோட்டை எடுத்து, கடிகாரத்தைப் பார்த்து எதையோ எழுதினாள்.

நோட்டு! புன்ரே கண்ணை அகல விரித்தாள். இவள்தான். இவளேதான். வாசலில் மதிப்பீட்டாளர் நனைந்து உட்கார்ந்திருக்கிறாள், விடுதிக்காரி செத்துக் கிடக்கிறாள். அவள் பியோங்தேயைப் பார்த்தாள். பியோங்தேயும் நோட்டைப் பார்த்துவிட்டார். ஆனால் கையெடுத்துக் கும்பிட்டு, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். எழுந்திருக்காதே என்று அர்த்தம். நானூறு பையன்கள் என்று விரல்களால் காட்ட முயன்று, விரல் போதாமல் விட்டுவிட்டார்.

புன்ரே அசையவில்லை. விடுதி நடத்திய இருபத்தாறு வருஷப் பழக்கம் லேசில் விடுமா? அட்டை மாட்டினால் செத்தாக வேண்டும். அவளுக்கு அது எழுதாத வேதம். பலகை போகும், விடுதி போகும், தங்கையின் புருஷன் முகத்தில் தினமும் விழிக்க வேண்டும் என்றெல்லாம் மனம் கணக்குப் போட்டும் கால் எழும்பவில்லை.

அப்போது அந்தப் பெண்மணி பைக்குள் துழாவி ஒரு ராம்யோன் பொட்டலத்தை எடுத்தாள். வெந்நீர் எங்கே கிடைக்கும் என்றுகூடக் கேட்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்து, வேகாத நூடுல்ஸை அப்படியே உடைத்து வாயில் போட்டு, மழையைப் பார்த்துக்கொண்டு மெல்ல ஆரம்பித்தாள். கறுக், மொறுக், கறுக்.

அந்தச் சத்தத்தை புன்ரே ஒரு நிமிஷம் பொறுத்துக்கொண்டாள், இரண்டு நிமிஷம் பொறுத்துக்கொண்டாள். மூன்றாவது நிமிஷம் எழுந்துவிட்டாள்.

"என் வாசல்ல உக்காந்து ஒருத்தி பச்சை மாவைத் திங்கறதா? உள்ள வாங்கம்மா!"

"முதலாளியம்மா!" மேஜர் பதறினார். "நீங்க செத்துட்டீங்க!"

"எழுதிக்கோங்க," என்று சொல்லி அவள் அட்டையை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். மணி நாலு இருபது.

பியோங்தே இப்போது கதவை மறந்து நேராகவே கத்தினார். "புன்ரே! பத்தொம்பது வருஷக் கேடயம்! ஊரையே கவுத்துட்டியே பாவி! படுடீ!"

"படுக்க மாட்டேன், தலைவரே."

"செத்தவ சமைக்கலாமா?"

"என் புருஷன் செத்ததை நான் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன். செத்தவங்களுக்குப் பசிக்காது. எனக்கு மத்தியானத்திலேர்ந்து பசிக்குது. அப்ப நான் சாவல."

"பட்டாலியன் போயிருமே!"

"யாரு சொன்னா பட்டாலியன் இருக்கும்னு? ஒரு டிரைவரு! பட்டைக்குக் காசு கொறைக்கச் சொல்லி உங்களுக்கு ஐஸ் வெச்சிருக்கான் அவன். எவ்வளவு கொறைச்சீங்க?"

பியோங்தே மறுபடி கதவைப் பார்த்தார். "பாதிக்குப் பாதி," என்று முனகினார்.

முள்ளங்கி போட்ட கருவாட்டு சூப் சூடேறி மணத்தது. அந்த மணம் போய் மூக்கில் ஏற, தரையில் கிடந்த எதிரிகள் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து உட்கார்ந்தார்கள்.

"படுங்கடா!" என்று உறுமினார் மேஜர். அவர்கள் சிப்பாய்கள், உடனே படுத்துவிட்டார்கள். புன்ரே இரண்டு கிண்ணங்களை அவர்கள் தலைமாட்டில் வைத்தாள். "ஒருக்களிச்சுப் படுத்துக் குடிங்க. பொறை ஏறாம."

மேஜர் யோம் தாளைப் புரட்டினார். காயமடைந்தவர், இறந்தவர், காணாமற்போனவர், சிறைபிடிக்கப்பட்டவர் என்று நாலு கட்டங்கள் இருந்தன. செத்து எழுந்தவர்களுக்குக் கட்டம் இல்லை. அவர் நேர்மையான மனிதர். பொய்யாக எழுதவும் கை வரவில்லை. யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் நூடுல்ஸ் கடை மன்ஹோ தயங்கித் தயங்கி வந்து நின்றான். கழுத்தில் அட்டை. முதுகெல்லாம் மாவு.

"அக்கா, செத்தவங்க எழுந்துக்கலாம்னு யாரோ சொன்னாங்க, நெஜமா? எங்கடை வாசல்ல நனைஞ்சுபோய் மூணு பேரு நிக்கறாங்க. படுத்துக்கிட்டே 'கடை இருக்கு'ன்னு சைகை காட்டினேன், பயந்துட்டாங்க."

"போய் ஆக்கிப் போடுடா!"

மன்ஹோ ஓடினான். அவன் ஓடியதைத் தெருவே பார்த்தது. முதலில் குளியல் கூடத்துக்காரர் எழுந்து கொதிகலனை மூட்டினார். மாட்டுக்காரி, "மடி கட்டிக்கிச்சு, நாளை வரைக்கும் தாங்காது," என்று அட்டையும் கழுத்துமாகத் தொழுவத்துக்குப் போனாள். மருந்துக் கடைக்காரர் கதவை மேலே தூக்கும் சத்தம் கேட்டது. வீட்டுக்கு வீடு விளக்கு எரிந்தது.

மேஜர் கம்பியில்லாத் தந்தியை எடுத்தார். "தலைமை நிலையம், தலைமை நிலையம். நோருமோக்கில் இறந்தவர்கள் எழுந்துகொண்டிருக்கிறார்கள். எதில் பதிவது? முடிந்தது."

சற்று நேரம் கரகரப்பு மட்டும். பிறகு ஒரு குரல்: "எத்தனை பேர்?"

"இதுவரை ஒன்பது. வேகமாகக் கூடுகிறது."

"அவர்கள் நம் பக்கமா, எதிரிப் பக்கமா?"

மேஜர் சமையற்கட்டைப் பார்த்தார். "சமைத்துக்கொண்டிருக்கிறார்கள்."

மறுபடி கரகரப்பு. "சரி. புதிதாக வந்து சேர்ந்த துணைப்படை என்று எழுதிக்கொள்ளும். முடிந்தது."

அவர் அப்படியே எழுதினார். எழுதியதும் முகம் தெளிந்து சப்பாத்தைக் கழற்றி உள்ளே வந்தார். அவருக்கும் ஒரு கிண்ணம் போனது. பியோங்தே மட்டும் முக்காலியில் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புன்ரே அவர் மடியில் ஒரு கிண்ணத்தை வைத்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கரண்டியை எடுத்தார்.

விருந்தாளி மூன்றாவது கிண்ணத்தில் இருந்தாள். கன்னத்தில் ரத்த ஓட்டம் வந்திருந்தது. கோட்டுப் பையிலிருந்து அந்த நோட்டை மறுபடி எடுத்தாள். புன்ரேயால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"அம்மா, ஒளிவு மறைவு வேண்டாம். மாவட்டத்துலேர்ந்து மதிப்பீடு பண்ண வந்திருக்கிறது நீங்கதானே?"

"என்ன மதிப்பீடு?"

"அந்த நோட்டுல எங்கள பத்தி எழுதறீங்களே?"

"இதுவா? வலி மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டேன்னு எழுதி வெக்கறேன். மறந்து ரெண்டு தடவ போட்டுடறேன்." அவள் நோட்டைத் திருப்பிக் காட்டினாள். மணியும் மாத்திரையும்தான் வரிசையாக இருந்தன. "என் பேரு குவாக். வொஞ்சு நகரத்துல பல்செட் கட்டற வேலை. நாள் முழுக்கக் குனிஞ்சு உக்காந்து முழங்கால் புடிச்சுக்கிச்சு. டாக்டரு நடக்கச் சொன்னாரு, நடந்தேன்."

புன்ரே கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். பியோங்தே மெதுவாகச் சிரித்தார். "கேட்டுக்கிட்டியா? பல்லு கட்டறவளுக்காக ஊரோட கேடயத்த குடுத்திருக்க."

"அந்த மதிப்பீட்டு ஆளு வந்தா வரட்டும், இன்னும் நாள் இருக்கு," என்றாள் புன்ரே. பிறகு அவளுக்கே ஏதோ தட்டுப்பட்டது. "இருங்க, குவாக்கம்மா. உங்க மகன் முகாம்ல எந்தக் கம்பெனி?"

"எனக்கு மகனே இல்லையே."

"தம்பி, தங்கச்சி மகன், யாராச்சும் மேல முகாம்ல?"

"யாரும் இல்லம்மா. ஏன், அப்படி இருந்தாத்தான் தங்கலாமா?"

இருபத்தாறு வருஷத்தில், மேலே இருக்கும் எந்தப் பையனுக்காகவும் இல்லாமல் தனக்காகவே வந்து தங்கும் முதல் ஆளை புன்ரே தலைமுதல் கால்வரை பார்த்தாள். ஈரக் காலுறையை வாங்கித் தரையின் சூடான பக்கத்தில் காயப்போட்டாள். குதிகாலுக்கு மருந்து வைத்துக் கட்டினாள்.

"எங்க நடைக் குழுவுல எட்டுப் பொம்பளைங்க," என்றாள் குவாக், காலை நீட்டிக்கொண்டே. "நவம்பர் ரெண்டாவது வாரம் எங்கயாச்சும் போகணும்னு பேச்சு. இங்கயே வரச் சொல்றேன். அப்ப நீங்க உயிரோட இருப்பீங்க இல்ல?"

"இருப்பேன்."

"நல்லது. இந்த சூப்பு வேணும் அவங்களுக்கும்."

புன்ரே போர்வைகளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் கால் வைத்தவள், வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டாள். "காலைச் சாப்பாடு அஞ்சரைக்கா, ஆறுக்கா?"

"ஒரு ஒன்பது மணி வாக்குல போதும்."

கூடத்தில் கரண்டிகள் நின்றன. செத்தவர்கள் இருவரும், நடுவரும், தலைவரும் தலையைத் தூக்கி அந்தப் பெண்மணியையே பார்த்தார்கள். முகாமின் கொம்புச் சத்தத்துக்கு எழுந்து பழகிய நோருமோக், ஒன்பது மணிக்குக் காலைச் சாப்பாடு கேட்ட மனிதரை அதுவரை கண்டதில்லை.

"ஒன்பது," என்று புன்ரே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "சரி, ஒன்பது. அதுவரைக்கும் நான் என்ன பண்றது?"

"தூங்குங்களேன்."

"நல்லா சொன்னீங்க போங்க. இன்னைக்குப் பகல் பூரா கெடந்தது போதாதாக்கும்," என்று சொல்லிக்கொண்டே அவள் மாடிக்கு ஏறினாள்.